மிதந்து வந்த அண்டா

ரவையை வறுத்து வைத்தால் பூச்சி பிடிக்காது என்பது குணவதிக்குத் தெரியும், எவ்வளவு வறுக்க வேண்டும் என்பதில்தான் அவளுக்கு இந்த வயதிலும் ஒரு தடுமாற்றம், கொஞ்சம் முன்னால் இறக்கினால் பச்சை வாசனை நிற்கும், கொஞ்சம் அசந்தால் அடி சிவந்துவிடும், மாடியில் எஸ்தர் டீச்சர் இருந்தவரைக்கும் இந்தக் கவலையே இல்லை, வாசனை ஜன்னல் வழியாக மேலே போன உடனே டீச்சர் குரல் கீழே வந்துவிடும், "குணவதி, அடுப்பை அணை, போதும்." இப்போது மேலே போகிற வாசனையை யார் மோந்து பார்க்கிறார்கள். அந்த ஜன்னலில் ஏசி வைத்து அடைத்தாகிவிட்டது. அவளே அடுப்பை அணைத்தாள், வாணலியை இறக்கித் தரையில் வைத்தாள், வானத்தைப் பார்த்தாள். காலையிலிருந்தே அது துவைக்காத போர்வை மாதிரி கிடந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொல்லிவிட்டார்கள், சொன்னால் சில வருஷம் வரும், சில வருஷம் கடலிலேயே கரைந்துவிடும், கரைந்துவிட்டால் எல்லோரும் அப்பாடா என்பார்கள், அவளும் சொல்வாள், ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில், வருகிறேன் என்று சொன்ன சொந்தக்காரர்கள் வராமல் போனது மாதிரி ஒரு ஏமாற்றம் இருக்கும். வெள்ளம் வரவில்லையே என்று ஏமாறுகிற பொம்பளை உலகத்தில் உண்டா. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கக்கூட மாட்டார்கள், டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்வார்கள். ரவை ஆறுவதற்குள் அவலைச் சலித்துவிடலாம் என்று முறத்தை எடுத்தாள்.

தாம்பரம் தாண்டி ஏரிக்குப் பின்பக்கம் இருக்கிற பழைய கட்டடம் அது. கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. வெள்ளம் வந்த அந்த வருஷத்திலிருந்து, தீபாவளிப் பட்சணம் தீர்ந்த கையோடு பத்து நாள் சாப்பாட்டைச் சேர்த்துப் பரணில் ஏற்றிவிடுவது குணவதியின் வழக்கம். ஒரேயடியாக வாங்க முடியுமா, அவள் புருஷன் வேலை பார்த்த பஸ் பாடி கட்டுகிற கம்பெனி கொடுக்கிற பென்ஷன் மாத்திரைக்கே சரியாகப் போகிறது, அதனால் ஆடி மாதமே ஆரம்பித்துவிடுவாள், உலைக்கு அரிசி களையும்போது ஒரு பிடியைத் திருப்பி எடுத்துத் தனி டப்பாவில் போடுவாள், ரேஷனில் பருப்பு போட்டால் அதில் பாதிக்கு மேல் தொடமாட்டாள், கோயிலில் கொடுத்த தேங்காயைத் துருவி வறுத்துப் பொடியோடு சேர்ப்பாள், வெயில் இருக்கும்போதே கத்தரிக்காயை நறுக்கிக் காயவைப்பாள். அடுப்பு பற்றவைக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று அவல், பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு. ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு துண்டு வசம்பு. ஆசைக்கு ஒரு பாக்கெட் மிக்சர். இதெல்லாம் அவளுக்காக இல்லை, அவளுக்கு ஒரு டம்ளர் கஞ்சி போதும், அவருக்காக. ஆதிகேசவனுக்குக் கை நடுங்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. வேளைக்கு மாத்திரை போட்டாக வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டி எடுத்துவிடும், போடாமல் விட்டால் நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே நின்றுபோன கடிகாரம் மாதிரி ஆகிவிடுவார், கண் மட்டும் அவளைத் தேடும். ஒருமுறை அப்படி ஆகிவிட்டது. அந்தக் கண்ணை அவள் இன்னொரு முறை பார்க்க மாட்டாள், அதற்காகத்தான் இந்த அவல், இந்த ரவை, இந்த வசம்பு எல்லாம்.

"என்ன வறுக்கற?" என்றார் அவர் கூடத்திலிருந்து. "ரவை." "நேத்தும் வறுத்தியே." "நேத்து சேமியா." அவர் கையில் பேப்பர் சரசரவென்று ஆடிக்கொண்டிருந்தது, அவர் பிடித்திருந்தால் பேப்பர் அப்படித்தான் ஆடும், மின்விசிறிக் காற்று என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள், அவளும் அப்படியே விட்டுவிடுவாள். "எல்லாத்தையும் பரண்ல வெச்சா யாரு ஏறி எடுக்கறது?" "நான்தான் ஏறி எடுப்பேன், வேற யாரு, உங்க மாமனார் வருவாரா." "அவர் வந்தாலும் வருவாரு, பொண்ணு பசியா இருக்கான்னா." அவள் சிரித்தாள். சிரித்துவிட்டாளே தவிர அந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உள்ளே நின்றுகொண்டது. யார் ஏறி எடுப்பது. நாக்கு அங்கேயே போய்ப் போய் வந்தது. அவள் வேண்டுமென்றே அதை விட்டுவிட்டு வேறு பக்கம் நினைத்தாள், எந்தப் பக்கம் நினைத்தாலும் அந்த வருஷத்துக்கே போய்ச் சேர்ந்தது.

தண்ணீர் அன்றைக்கு வாசல் வழியாக வரவில்லை, எல்லோரும் வாசலில் மண் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், அது பின்னால் குளியலறை ஓட்டை வழியாகப் பூனை மாதிரி சத்தமில்லாமல் வந்தது, கணுக்கால் என்று பார்த்தால் முழங்கால், முழங்கால் என்று பார்த்தால் இடுப்பு. அரிசி, பருப்பு, புளி எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டுக் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். எதிர்வீட்டுக்காரர்களும் அப்படித்தான், அரிசியைப் பரணில் ஏற்றிவிட்டு ஓடிவந்தார்கள். மேலே போய் டீச்சர் வீட்டுக் கூடத்தில் ஈரத்துணியோடு உட்கார்ந்த பிறகு யார் யார் என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு டிவி, ஒரு மிக்சி, பிள்ளைகளின் சர்ட்டிபிகேட், எதற்கென்று தெரியாமல் எதிர்வீட்டு அம்மாள் தூக்கி வந்த ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு பிடி அரிசி கிடையாது. டீச்சர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார், கணக்குத் தப்பாகப் போட்ட வகுப்பைப் பார்க்கிற பார்வை. "கீழ்வீட்டுக்காரங்க அத்தனை பேரும் அரிசியைக் கீழயே உசரத்துல வெச்சிட்டு வாயை மட்டும் மேல தூக்கிட்டு வந்திருக்கீங்க." டீச்சர் வீட்டில் இருந்தது அத்தனை வயிற்றுக்கும் ஒரு வேளைக்குத்தான் வந்தது. வரிசையில் நிற்கவைத்துத் தட்டை நீட்டச் சொல்லித்தான் போட்டார், ஆதிகேசவன் வரிசையில் பின்னால் இருந்து "டீச்சர், இவன் என்னைத் தள்றான்" என்று சொன்னதும் அவ்வளவு பயத்திலும் எல்லோரும் சிரித்தார்கள். அதற்கு முன்னால் அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. கம்பெனியில் இருந்து வருவார், சாப்பிடுவார், படுப்பார், இத்தனை வருஷத்தில் அவர் வேடிக்கையாகப் பேசுவார் என்பதே வெள்ளம் வந்துதான் அவளுக்குத் தெரிந்தது.

அண்டாவை அவள் வாங்கியது அதற்கு முந்தின பஞ்சத்தில். தெருவில் தண்ணி லாரி வந்தால் குடத்தோடு ஓடி ஓடிப் பிடித்து, குடம் பற்றாமல், தவணையில் வாங்கிய பெரிய அலுமினிய அண்டா, இரண்டு பக்கமும் காது, மேலே மூடி. ஒரு கோடையில் தண்ணீருக்காக வாங்கிய பாத்திரம் ஒரு மழையில் தண்ணீர் மேல் மிதக்கப் போகிறது என்று யார் கண்டார்கள், இந்த ஊரில்தான் அப்படி நடக்கும். டீச்சர் வீட்டு அரிசி தீர்ந்த மறுநாள் காலை அவர் யாரிடமும் சொல்லாமல் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். கீழே கழுத்தளவு தண்ணீர். அவள் படிக்கட்டில், தண்ணீர் தொடங்குகிற படிக்கு மேல் படியில், உட்கார்ந்து காத்திருந்தாள். கறுப்புத் தண்ணீர், அதில் ஒரு செருப்பு, ஒரு தெர்மோகோல் துண்டு, எண்ணெய்ப் படலத்தில் வானவில் நிறம். ரொம்ப நேரம். பிறகு கதவிடுக்கில் முதலில் அண்டா வந்தது, மூடியோடு, ஜம்மென்று, தேர் திரும்புகிற மாதிரி மெதுவாகத் திரும்பி வந்தது, அதன் காதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு பின்னால் அவர் தலை. பல் தெரியச் சிரித்துக்கொண்டே வந்தார். "குணவதி, சோறு வந்துடுச்சு." உள்ளே அரிசி காய்ந்தபடி, பருப்பு காய்ந்தபடி, தீப்பெட்டிகூட நனையவில்லை. படிக்கு வந்த பிறகும் அண்டாவின் காதை அவர் விடவேயில்லை, அவள்தான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், "விடுங்க, உங்க அரிசியை யாரும் திருடிட மாட்டாங்க" என்று கேலிகூடச் செய்தாள். எதிர்வீட்டுப் பரணுக்கும் போய் வந்தார். புழுங்கலும் பச்சரிசியும் கலந்துபோய், பாதி குழைந்தும் பாதி விதைவிதையாகவும் வெந்த அந்தச் சோற்றை எல்லோரும் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த ருசி பிறகு எந்த விருந்திலும் அவளுக்குக் கிடைக்கவில்லை. சொன்னால் வெட்கம், அவள் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் எது என்று கேட்டால் கல்யாணம் இல்லை, பிள்ளை பிறந்தது இல்லை, அதுதான். சிரித்துக்கொண்டே அண்டாவைத் தள்ளி வருகிற ஆதிகேசவனை அவள் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பாள், தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆன பாத்திரம் மாதிரி அது ஆகிவிட்டது.

தண்ணீர் வடிந்தது, அவரும் வடிந்துவிட்டார், பழையபடி சாப்பாடு, பேப்பர், படுக்கை. டீச்சர் ஓய்வு பெற்று நாகர்கோவிலில் தங்கை வீட்டோடு போய்விட்டார், போகும்போது படிக்கட்டில் நின்று அழுததைப் பார்த்தவர்கள் டீச்சர் என்று நம்பமாட்டார்கள். எதிர்வீடு இப்போது கூரியர் கம்பெனி குடோன். மேலே ஒரு வீட்டில் ஆளே இல்லை, பூட்டு துருப்பிடித்துத் தொங்குகிறது. மிச்சம் இருப்பது டீச்சர் இருந்த வீடு, அதில் சிந்துஜா என்று ஒரு பெண், புருஷன் பெங்களூரில், இவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. குடி வந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது, கதவு திறந்து அவள் பார்த்ததே கொஞ்சம்தான். காதில் எப்போதும் ஏதோ மாட்டியிருப்பாள். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனபோது கதவை ஒரு சாண் திறந்து வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி, ஆபீஸ் கால்ல இருக்கேன்" என்றாள், கதவு மூடிக்கொண்டது. பாத்திரம் மூன்றாம் நாள் வாசலில் கழுவி வைத்திருந்தது, உள்ளே ஒன்றும் போடாமல். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்றுகூட ஒருத்தர் சொல்லிக்கொடுக்கவில்லையா என்று குணவதிக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டிருக்கலாம்.

அவள் ரவை டப்பாவை இடுக்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். பரணில் முட்டித் தள்ளி இடம் செய்து டப்பாவை உள்ளே நகர்த்தினாள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது வீடு வேறு மாதிரி தெரிந்தது, கூடத்து விசிறியின் மேல்புறத் தூசி, அலமாரியின் தலை, அவர் உச்சந்தலையில் முடி சுழித்து வழுக்கையான இடம். தண்ணீர் வந்தால் தண்ணீருக்கு இந்த உயரத்திலிருந்துதான் வீடு தெரியும். அவர் தலைக்கு மேலே தண்ணீர் நின்றால் அந்த நாற்காலி எங்கே, அந்தப் பேப்பர் எங்கே. இவ்வளவு நேரம் அவள் ஓரம் தள்ளி ஓரம் தள்ளி வைத்த கேள்வி நேராக வந்து முன்னால் நின்றது. அரிசி இங்கே இருக்கும், காய்ந்தபடி, பத்திரமாக, வசம்பு போட்டு. நாங்கள் மேலே அந்தப் படிக்கட்டில் இருப்போம். நடுவில் கழுத்தளவு தண்ணீர். அன்றைக்கு இறங்கிப் போன ஆள் இன்றைக்கு டம்ளரை நிறைய ஊற்றினால் பிடிக்க முடியாத ஆள். கடவுளே, இத்தனை வருஷமாக நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன், டீச்சர் அவ்வளவு சொல்லியும், ஒவ்வொரு வருஷமும் அதே தப்பை இழைத்து இழைத்துச் செய்திருக்கிறேன், உயரம் என்றால் பத்திரம் என்று. ஒவ்வொரு ஐப்பசியிலும் அவர் திரும்பவும் நீந்திப் போய் எடுத்து வருவார் என்று எண்ணித்தானே ஏற்றியிருக்கிறேன். அவள் ஒரு கையால் பரண் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே கொண்டுபோய் வைக்க வேண்டும். வைப்பதென்றால் கேட்க வேண்டும். டீச்சரிடம் கேட்டதேயில்லை, கேட்க வேண்டியிருந்ததில்லை, கதவு திறந்தே கிடக்கும். ஊர் பேர் தெரியாத பெண்ணிடம் போய், அம்மா எங்கள் வீட்டு அரிசியை உன் வீட்டில் வைத்துக்கொள் என்று எப்படிக் கேட்பது, வெள்ளம் வந்தால் நாங்களும் வந்துவிடுவோம் என்று எப்படிச் சொல்வது, கேட்டு அவள் ஒரு சாண் கதவைத் திறந்து, ஸாரி ஆன்ட்டி என்று சொல்லிவிட்டால் அந்தப் படியை இறங்கி வருவது எப்படி. பேசாமல் நாகர்கோவிலுக்குப் போன் போடலாம். போட்டால் டீச்சர் திட்டுவார், திட்டிவிட்டு, இன்னும் ஏறலையா என்று கேட்பார். அவள் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்க ஆரம்பித்தாள். இறக்கியதையெல்லாம் துடைத்து அண்டாவுக்குள் அடுக்கினாள், மாத்திரை அட்டை ஒன்றைப் பாலித்தீனில் சுற்றி மேலாக வைத்தாள், பிறகு ஒரு கிண்ணம் ரவையைத் தனியாக எடுத்து, கொஞ்சம் நெய் காய்ச்சி, சர்க்கரை போட்டு உருண்டை பிடித்து அதையும் மேலே வைத்தாள். வெறுங்கையோடு எப்படிப் போவது.

"இப்பத்தானே ஏத்தின, எதுக்கு இறக்கற?" என்றார் அவர். அவள் சொன்னாள். நிறுத்தாமல் வேகவேகமாகச் சொன்னாள். அவர் பேப்பரை மடித்து வைத்தார், மடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது, எழுந்து வந்து அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். "நீங்க விடுங்க, நான் ரெண்டு தடவையா எடுத்துட்டுப் போறேன்." "இந்த அண்டா எனக்குத் தெரியும், புடி." இருவரும் ஆளுக்கொரு காதாகத் தூக்கிப் படியேறினார்கள். அவர் கை நடுக்கம் அண்டாவில் ஏறி மூடி கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தது, ஒவ்வொரு படிக்கும் கடகட, இப்படியொரு மேளத்தோடு கேட்கப் போகிறோமே என்று அவளுக்குக் கூச்சம், நிற்கச் சொல்லவும் மனசு வரவில்லை. மணியை அழுத்த வேண்டியிருக்கவில்லை. சத்தத்துக்கே கதவு திறந்தது, முழுசாகத் திறந்தது.

"என்ன ஆன்ட்டி, ஐயோ அங்கிளைத் தூக்க வெச்சிருக்கீங்களே" என்று சிந்துஜா காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு ஓடிவந்து அவர் பக்கத்துக் காதை வாங்கிக்கொண்டாள். மூடிச் சத்தம் நின்றது. உள்ளே இறக்கி வைத்த பிறகு குணவதி யோசித்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "வெள்ளம் வந்தா எங்களுக்கு வர்றதுக்கு வேற இடம் இல்லம்மா" என்றாள், முதலில் சொல்ல வேண்டியது கடைசி, கடைசியில் சொல்ல வேண்டியது முதல், எல்லாம் தலைகீழாக வந்தது. "சாப்பாட்டுக்கு உன்னைக் கஷ்டப்படுத்த மாட்டோம், இதுல எல்லாம் இருக்கு, ஒரு மூலையில இருந்தாப் போதும்." அந்தப் பெண் அண்டாவைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள். "இங்க வெள்ளம் வருமா ஆன்ட்டி? புரோக்கர் சொல்லவேயில்ல. எங்க வீட்ல அரிசியே கிடையாது, எல்லாம் போன்ல ஆர்டர்தான். வெள்ளம் வந்தா டெலிவரி பையன் வரமாட்டான் இல்ல?" முகத்தில் நிஜமாகவே பயம். இத்தனை நாள் இதையா திமிர் என்று நினைத்தோம், சின்னப் பெண், மதுரையோ விருதுநகரோ, அம்மா பக்கத்தில் இல்லாமல், கேட்க ஆள் இல்லாமல். "வரமாட்டான். நாங்க வருவோம்" என்றாள் குணவதி. "இதுல மூணு பேருக்குப் பத்து நாள் வராது, சிக்கனமா வெச்சா ஒரு வாரம் வரும்." "நான் ஊருக்குப் போனா சாவியை உங்ககிட்டக் குடுத்துட்டுப் போறேன் ஆன்ட்டி, இல்லன்னா நீங்க வந்து கதவு பூட்டியிருந்தா என்ன பண்ணுவீங்க" என்றாள் அந்தப் பெண், இது குணவதிக்கே தோன்றவில்லை.

ஆதிகேசவன் டீச்சர் நாற்காலி போட்டிருந்த அதே இடத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ரவா உருண்டையை அவர் கையில் கொடுத்தால் உதிர்ந்துவிடும் என்று குணவதி பாதியாக உடைத்து வாயில் போட்டாள். அதை மென்றுகொண்டே அவர் அண்டாவைக் காட்டினார். "இது மிதக்கும், தெரியுமா உனக்கு?" என்றார் அந்தப் பெண்ணிடம். குணவதி நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் குரலை அவள் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது. "அந்த வருஷம் கீழ இந்தக் கழுத்து வரைக்கும் தண்ணி. வீட்டுக்குள்ள கிடந்த இதுல அரிசியைப் போட்டு மூடிட்டுத் திரும்பினேன்." "உங்களுக்கு நல்லா நீச்சல் தெரியுமா அங்கிள்?" "எங்க தெரியும். குட்டையிலகூட இறங்கினது கிடையாது. பாதி வழியில கால் வழுக்கிடுச்சு, தலை உள்ள போயிடுச்சு, அவ்வளவுதான்னு நெனச்சேன். இந்தக் காது கையில மாட்டுச்சு. நான் இதைத் தள்ளிட்டு வந்தேன்னு இவ ஊரெல்லாம் சொல்லுவா. நான் எங்க தள்ளினேன், அதுதான் என்னை இழுத்துட்டு வந்து படியில விட்டுது." அந்தப் பெண் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். குணவதிக்குச் சிரிப்பு வரவில்லை. பிரியவே மாட்டேன் என்ற அந்த விரல்கள், அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தது, கேலி செய்தது. பல்லைக் காட்டிக்கொண்டு வந்தது சிரிப்பா, பல் கிட்டிப் போனதா. அதற்குப் பிறகு எதிர்வீட்டுக்கும் அல்லவா இறங்கினார். "ஏன் அப்ப சொல்லல?" என்றாள், அந்நியப் பெண் முன்னால் என்றுகூடப் பார்க்காமல். அவர் அவளைப் பார்த்தார். "சொன்னா விட்டிருப்பியா. முந்தின நாள் உன் தட்டை எதிர்வீட்டு அம்மாவுக்குக் குடுத்துட்டு, நானும் சாப்பிட்டேன்னு பொய் சொன்னல்ல, டீச்சர் சொல்லிட்டாங்க."

அவள் பக்கத்தில் போய் நின்று அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள், அது உள்ளே சிறு பறவை மாதிரி ஆடிக்கொண்டேயிருந்தது, இந்த முறை அவள் விரலைப் பிரிக்கவில்லை. சிந்துஜா காபி போடுகிறேன் என்று உள்ளே போய், பால் இல்லை என்று அங்கிருந்தே சொன்னாள். வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது, ஏரிப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. இந்த வருஷம் அது கடலிலேயே கரைந்து போகட்டும் என்று குணவதி முதல்முறையாக மனதார வேண்டிக்கொண்டாள்.